மெட்டு ஊரறிந்தது, சொல் நம்முடையது

மலையக முகங்கள்: வரலாற்றுத் தொடர் – 14

சென்ற இதழை மண்டபம் முகாமில் நிறுத்தியிருந்தோம். கழுத்தில் தகரச் சீட்டு தொங்க, கப்பலுக்குக் காத்து நின்ற சனம். அந்தச் சீட்டில் ஆளின் பேர் கிடையாது. போய்ச் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் எண்ணும்தான். அதே சனத்தின் முகம் எப்படிப் படமானது, படத்துக்குக் கீழே எழுதும் உரிமை யார் கையில் இருந்தது, அது எப்படிக் கை மாறியது என்பதை இந்த இதழில் பார்ப்போம். கதை பொகவந்தலாவையில் ஒரு கல்லறையில் தொடங்குகிறது. அதே ஊர்ப் பிள்ளைகளின் கைபேசிக்கு வந்து சேர்கிறது.

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் பரிசாகக் கிடைத்த ஒரு கமராவை வைத்துக்கொண்டு டார்வின், டெனிசன், ஹெர்ஷல் என்று அக்கால இங்கிலாந்தின் பெரிய மனிதர்களை எல்லாம் படமெடுத்தவர். கணவர் சார்ல்ஸ் ஹே கமரனையும் இலங்கை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவர்தான். இங்கே அவருக்குப் பெருந்தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். 1879 ஜனவரியில் ஜூலியா டிக்கோயாவில் இறந்தார். அடுத்த ஆண்டு சார்ல்ஸும் போனார்.

இலங்கையில் ஜூலியா எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத்தில் உழைத்தவர்களும் களுத்துறைப் பக்கத்துக் குடியானவர்களும் அவற்றில் இருக்கிறார்கள். அவர் யாரையும் இழிவாகக் காட்டவில்லை. முகங்களில் வெளிச்சம் விழும் விதத்தை இன்றைக்குப் பார்த்தாலும் கண் நகர மறுக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்குக் கீழே டார்வின் என்றும் டெனிசன் என்றும் பேர் இருக்கிறது. இங்கே எடுத்தவற்றில் ‘ஓர் இளம்பெண்’, ‘குடியானவர் கூட்டம்’ என்று முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் யார், எந்த ஊரிலிருந்து வந்தாள், படமெடுத்தவரிடம் என்ன சொன்னாள்? ஒன்றும் எழுதப்படவில்லை.

அடுத்து வந்தவர்களுக்கு ஜூலியாவின் கலையும் இல்லை, பொறுமையும் இல்லை. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. மலை முழுதும் தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். அதே ஆண்டில் கொழும்பில் பிளாட்டே நிறுவனம் தொடங்கியது. ஒன்று தேயிலை விற்றது, மற்றது அஞ்சலட்டை விற்றது. இரண்டுக்கும் தலையில் கூடைக்கயிறு மாட்டிய தமிழ்ப் பெண்ணின் உருவம் தேவைப்பட்டது. விளம்பரத்திலும் அஞ்சலட்டையிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் அவள் நூறாண்டுக்கும் மேலாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். படத்துக்குக் கீழே ‘தமிழ்க் கூலி’ என்றோ ‘கொழுந்து பறிப்பவள்’ என்றோ எழுதியிருப்பார்கள். உலகத்தில் மிக அதிகம் அச்சான தமிழ் முகங்களில் ஒன்று அவளுடையதாக இருக்கக்கூடும். அவள் சொன்னதாக ஒரு வார்த்தைகூட அந்த அட்டைகளில் இல்லை.

சொல் இல்லாமலா இருந்தது? லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சொல்லுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும், மாசிப் பனியில் காமன் கூத்துப் பாட்டும் அந்தக் காலத்திலேயே இருந்தன. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் பேர் சொல்லாமல் குத்தும் பாட்டுகள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கலியாணம், திருவிழா, சந்தை வழியே நடந்து போயின. போகிற இடத்தில் தோட்டத்தின் பேர் மாறும், வசையின் இலக்கு மாறும், மெட்டு மாறாது. யார் கட்டிய பாட்டு என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் இல்லாததுதான் பாதுகாப்பு. கட்டியவர் தெரிந்தால் மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அவருக்கு வேலை இருக்காது. பூண்டுலோயாப் பக்கம் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் நாடாளுமன்றம் வரை போன சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாட்டுகளைத் தேடித் திரட்டியிராவிட்டால் பெரும்பகுதி பாடியவர்களோடே மண்ணுக்குள் போயிருக்கும்.

இந்த மெட்டை அச்சில் ஏற்றி ஆயுதமாக்கியவர்கள் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும். தஞ்சாவூரிலிருந்து வந்த நடேசய்யர், வெளியார் காலெடுத்து வைக்க முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரி வேடத்தில் நுழைந்தவர். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சம்மேளனம் தொடங்கினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். கூட்டத்தில் அவர் பேசுவதற்கு முன் மீனாட்சி அம்மை பாடுவார். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த மெட்டு. அதில் புதிதாக உட்கார்ந்திருப்பது சம்பளம், கடன், கங்காணியின் கணக்கு. மலிவுத் தாளில் சில பக்கங்களாக அச்சிட்ட பாட்டுப் பிரசுரத்தை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டால் தோட்டத்துக் காவல்காரன் கண்ணுக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் போதும், மெட்டு தெரிந்த மற்ற எல்லோரும் ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

மெட்டைக் கடன் வாங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை. ஊரறிந்த மெட்டில் வந்த சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை, கேட்டவுடன் ஏறும். இன்றைக்குப் பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பிள்ளைகள் ஒரு சினிமாக் காட்சியை எடுத்து, அதன் மேல் தங்கள் தோட்டத்துச் சொல்லை ஏற்றி முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் விடுகிறார்களே, அந்த மீமும் இதே வேலையைத்தான் செய்கிறது. வடிவேலுவின் முகம் இன்றைய மெட்டு. அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019 மே மாதக் கடைசியில் உலகமே பார்த்தது. பாகிஸ்தானியப் பொறியியல் பக்கம் ஒன்று ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பேர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் ‘பிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் தலையில் அது விழுந்த கதையைப் பதிலாக எழுத, நேசமணி பிழைக்க வேண்டும் என்ற வேண்டுதல் ஓரிரு நாளில் உலகம் முழுக்கப் பரவியது. 2001இல் வந்த ஒரு படத்தின் காட்சி பதினெட்டு வருடம் கழித்தும் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அட்டனுக்கும் டொரன்டோவுக்கும் பொதுவாக நின்றது.

பொதுவான முகத்தில் பொதுவல்லாத சொல் ஏறும்போதுதான் அடையாளம் பிறக்கிறது. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து நிறுவையில் வராவிட்டால் ‘அரைப்பேர்’ போடுவார்கள், பாதிச் சம்பளம்தான். ஞாயிற்றுக்கிழமை ‘கைக்காசு’க்குப் பறிப்பார்கள். பிள்ளையைப் ‘பிள்ளைக்காம்பரா’வில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். வடிவேலுவின் திகைத்த முகத்துக்கு மேல் ‘அரைப்பேர்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதினால் கம்பியன் தோட்டத்திலும் கொட்டியாகலையிலும் லொயினோனிலும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மதுரைக்காரர் வடிவேலுவைத் தெரிந்து வைத்திருப்பார், அரைப்பேரைத் தெரியாது. யாழ்ப்பாணத்தவருக்கும் அப்படியே. யார் சிரிக்கிறார்கள், யார் என்னவென்று கேட்கிறார்கள் என்பதிலேயே ஒரு கோடு விழுந்துவிடுகிறது. எந்த அரசாங்கப் படிவமும் இவ்வளவு துல்லியமாக அந்தக் கோட்டைப் போட்டதில்லை.

படிவம் போட்ட கோடு வேறு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் ‘இந்தியத் தமிழர்’ தனி இனமாகப் பிரிக்கப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் அந்தப் பிரிவினரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டார்கள்: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. எஞ்சியிருந்த நாடற்றவர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெரும்பாலும் முடிவு கட்டியது. அரசாங்கத் தாளில் இந்த இனம் எப்போதும் இன்னொரு நாட்டின் பேரைச் சுமந்தே வந்திருக்கிறது. ‘மலையகத் தமிழர்’ என்பது அந்த மக்களும் அவர்களுடைய எழுத்தாளர்களும் தாங்களே எடுத்துக்கொண்ட பேர்.

இந்தப் பேரைச் சொல்லும் பிள்ளைகள் தங்களைப் பூர்வகுடி என்று உரிமை கொண்டாடுவதில்லை. இந்தத் தீவில் அந்த இடம் தம்பானைப் பக்கத்து வேடர்களுக்கு உரியது. மலையகத்தார் கேட்பது வேறு: இருநூறு வருடம் புதைத்த எலும்பு இந்த மண்ணில் இருக்கிறது, ஆகவே நாங்கள் இந்த ஊர்க்காரர்கள். ஆனாலும் பூர்வகுடிகள் கைபேசியை எப்படி எடுத்தாண்டார்கள் என்பதில் இவர்களுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2016 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவின் ஒரு தேசிய நாளேடு, பூர்வகுடித் தகப்பன் ஒருவன் பியர் டின்னோடு நின்றபடி சொந்த மகனின் பேரே தெரியாமல் விழிப்பதாகக் கேலிச்சித்திரம் போட்டது. அந்த மக்கள் மறுப்பறிக்கை எழுதிக்கொண்டிருக்கவில்லை. தங்கள் அப்பாவோடு, தங்கள் பிள்ளையோடு எடுத்த படங்களை ஒரே குறிச்சொல்லின் கீழ் ஆயிரக்கணக்கில் வெளியிட்டார்கள். அந்த முகங்களுக்குப் பேர் இருந்தது.

மலையகத்தில் அப்படி ஒரு திருப்பம் சம்பளப் போராட்டத்தில் வந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை 2015 முதல் பேசப்பட்டது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 500 ரூபாயில் நிறுத்தியது. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைமை கூப்பிட்டு வந்த கூட்டம் அல்ல அது. முகநூல் சேர்த்த கூட்டம். அந்த நாட்களில் சுற்றிய மீம்களில் என்னை நிறுத்திய வகை ஒன்று உண்டு. மேலே தேயிலை விளம்பரத்தில் சிரிக்கும் பெண், கீழே சம்பளச் சிட்டை. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. நூறாண்டு அஞ்சலட்டைக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இருக்க முடியாது.

2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. ஆயிரம் ரூபாய் 2021 மார்ச் மாதம்தான் வர்த்தமானியில் ஏறியது. அடுத்த வருடமே ரூபாய் சரிந்து, டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. கையில் வந்த ஆயிரம் பாதியாகத் தேய்ந்தது. அந்தக் கணக்கையும் பொருளாதார அறிஞர்களுக்கு முன்பே மீம் போட்டவர்கள் சொன்னார்கள், ஒரு கிலோ கோதுமை மாவின் விலையை வைத்து.

அதே 2021 மார்ச்சில், வர்த்தமானி வந்த இரண்டாம் நாள், ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்ற பாட்டு வெளியானது. பாட்டை எழுதிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். காணொளியில் அவரும் தோன்றுகிறார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாக இருந்தவர்களில் ஒருத்தியின் முகம் கோடிக்கணக்கானோர் திரையில் பேரோடு வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் இந்தியப் பத்திரிகை ஒன்று தன் அட்டைப் படத்தில் பாட்டில் கூடப் பாடியவரையும் வேறொரு கலைஞரையும் போட்டு அறிவை விட்டுவிட்டது. இயக்குநர் பா. இரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், இணையம் கொதித்தது. உழைத்தவரின் பேர் விடுபடுவது ஜூலியாவின் கண்ணாடித் தட்டோடு முடிந்த கதை அல்ல.

மீம் எல்லாமே நம் பக்கம் நின்றது என்று எழுதினால் அது வரலாறாகாது. ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ ஆகிய வசைகளும் இதே கைபேசியில்தான் வருகின்றன. எழுதுபவர்களில் தமிழரும் உண்டு. 2020 ஒக்டோபரில் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படத்தில் விஜய் சேதுபதி நடிக்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்து, சில நாட்களில் அவர் விலகினார். முரளிதரனின் அரசியலை விமர்சிக்க எல்லோருக்கும் உரிமை இருந்தது. ஆனால் அந்த மீம் வெள்ளத்தில், அவர் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பத்தின் பேரன் என்பதும், 1977 வன்முறையில் அவர் தகப்பன் வெட்டுப்பட்டார் என்பதும் காணாமல் போயின. மலையகம் என்றொரு வரலாறு இருப்பதே தமிழகத்தில் பலருக்குத் தெரியாது என்பதை அந்த வாரம் காட்டிக்கொடுத்தது. எனக்கு அந்த நாட்களில் ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

உள்ளேயும் குறை உண்டு. சாதியைப் பற்றி மலையக மீம்கள் வாய் திறப்பது அபூர்வம். லயத்துக்குள் சாதி இல்லாதது போல ஒரு பாவனை. இன்னும் பெரிய குறை ஒன்று. பழைய பாட்டின் பெரும்பகுதி பெண்களுடையது. தாலாட்டியதும் ஒப்பாரி வைத்ததும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டே பாடியதும் அவர்கள்தான். அரசியல் மேடையில் பாட்டை ஏற்றிய மீனாட்சி அம்மையும் பெண். மீமைச் செய்கிறவர்களோ பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். அவர்கள் முகம்தான் மீமிலும் வருகிறது. அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டுவிட்டா அந்தப் படத்தைப் போடுகிறோம்? அஞ்சலட்டைக்காரன் கேட்கவில்லை என்று கோபப்படுகிற நமக்கு இந்தக் கேள்வி உறுத்த வேண்டும். கைபேசி வைத்திருக்கும் பெண்பிள்ளைகள் தங்கள் சொல்லைத் தாங்களே ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். தாமரை, ரோசாப் படத்தின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் அதைச் செய்கிறார்கள். ஏனென்று மலையகத்து வீடுகளுக்குத் தெரியும்.

2023இல், முதல் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்து இருநூறு ஆண்டு என்ற கணக்கில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, சுமார் 250 கிலோமீட்டர், ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை ஒரு நடைபயணம் போனது. முன்னோர் நடந்து, காட்டில் செத்து விழுந்த அதே பாதை. நடந்தவர்களின் படங்கள் ‘மலையகம் 200’ என்ற சொல்லோடு வீடு வீடாகப் போயின. முகநூலில் முகப்புப் படத்தை மாற்றிக்கொண்டவர்களில், பள்ளிக்கூடத்தில் தோட்டத்தின் பேரைச் சொல்லக் கூச்சப்பட்ட ஒரு தலைமுறையும் இருந்தது. அடுத்த குடிசன மதிப்பீட்டில், 1911இன் பேருக்குப் பக்கத்தில் ‘மலையகத் தமிழர்’ என்ற பேரும் ஏறியது. சிவில் அமைப்புகள் நெடுங்காலம் கேட்டு வந்தது அது. பழைய பேர் இன்னும் எடுக்கப்படவில்லை.

இனி ஒரு வேண்டுகோள். நடேசய்யரின் காலத்துப் பிரசுரங்கள் சில இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம், சாரல்நாடன் போன்றவர்கள் அலைந்து தேடியது. 2005 முதல் நூலகம் நிறுவனம் மலையக இதழ்களையும் நூல்களையும் இணையத்தில் ஏற்றி வருகிறது. ஆனால் 2018இல் சுற்றிய மீம்களில் எத்தனை இன்று கிடைக்கும்? கைபேசி உடைந்தால் போயிற்று, கணக்கு முடங்கினால் போயிற்று. செய்தவர் பேர் தேவையில்லை. பழைய பாட்டுக்கும் அது இருந்ததில்லை. எந்த மாதம் வந்தது, எந்தத் தோட்டத்துப் பிள்ளைகளிடையே சுற்றியது, எந்தப் படத்தின் காட்சி, தோட்டத்துச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற நாலு விவரத்தோடு ஒவ்வொன்றையும் சேமித்து வைத்தால் போதும். ‘அரைப்பேர்’ என்றால் என்னவென்று இன்னும் முப்பது வருடத்தில் பொகவந்தலாவையிலேயே ஒரு பிள்ளை கேட்கக்கூடும். வாசகர்கள் தங்கள் கைபேசியில் இருப்பவற்றை இந்த விவரங்களோடு இதழுக்கு அனுப்பலாம். பெண் முகம் இருக்கும் படமானால், அவரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அடுத்த இதழில் மீனாட்சி அம்மையின் மேடைகள்.

(தொடரும்)